கோடரி கிடைத்தது... அதைப் பிடித்த கை எங்கே? ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் 50 ஆண்டு தேடல்

கீழடி பேச்சு வந்துவிட்டால் மதுரைக்காரர்களுக்கு நேரம் போவதே தெரியாது. வில்லாபுரம் டீக்கடையோ, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டோ, ஒருவர் 2,600 ஆண்டு என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் அத்திரம்பாக்கத்தை இழுத்து 15 லட்சம் ஆண்டு என்பார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டும் வந்து சேரும்: 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கோடரி செய்துவிட்டான் என்று.

இதில் பாதி உண்மை. கோடரி உண்மை. 15 லட்சம் ஆண்டு என்பதும் முறையான ஆய்வில் வந்த கணக்குதான். ஆனால் அதைச் செய்தது யார்? அந்த இடத்தில்தான் ஃபார்வர்ட் வழுக்குகிறது. கல் ஒரு கேள்வியைத்தான் கேட்கும். பதிலை எலும்புதான் சொல்லணும்.

இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்து வைத்திருந்த ஒருவர் இருந்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை முதலில் நிரூபித்தவர். கல்லைக் கண்டெடுத்துவிட்டு, அதன் பிறகு பல ஆண்டுகள் எலும்புக் குகை வரை போய்த் தேடியவர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் வாழ்க்கை வழியாகவே இந்தப் புதிரைப் பார்க்கலாம்.

யார் இந்த ஃபூட்?

1834 செப்டம்பர் 22-ல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரத்தில் பிறந்தவர். 1858-ல், 24 வயதில், இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அந்த நிறுவனத்தின் தலைவர் தாமஸ் ஓல்டாம். ஃபூட்டுக்கு ஒதுக்கப்பட்டது சென்னை மாகாணம். வேலை என்ன? ஊர் ஊராகப் போய் எங்கே என்ன பாறை, என்ன மண், என்ன கனிமம் இருக்கிறது என்று பார்த்து வரைபடம் போடுவது. ஜீப் கிடையாது. குதிரை, மாட்டு வண்டி, கால்நடை, கூடாரம். இவ்வளவுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இவரோடு இன்னொரு உறவும் உண்டு. இவர் திருமணம் செய்தது எலிசபெத் என்பவரை. எலிசபெத்தின் தந்தை பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பெர்சிவல் பாதிரியார்தான். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். தினவர்த்தமானி என்ற தமிழ் இதழை நடத்தினார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். மாமனார் தமிழ்ச் சொற்களைச் சேகரிக்க, மருமகன் தமிழ் மண்ணின் கற்களைச் சேகரித்தார்.

1863 மே 30: பல்லாவரத்தில் என்ன நடந்தது?

அன்று ஃபூட் நின்றிருந்தது சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், சரளை எடுப்பதற்காகத் தோண்டிப் போட்டிருந்த ஒரு குழியின் அருகில். வெளியே வந்து கிடந்த செம்புறாங்கல் சரளையில் ஒரு கல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஆற்றில் உருண்டு மழமழப்பான கல் இல்லை. இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுக்கப்பட்டு, விளிம்பு கூராக, கைக்கு அடக்கமாக இருந்தது.

வேறு யாராவது என்றால் மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஃபூட் ஏன் குனிந்தார்? அதற்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து மனிதர் செய்த கற்கருவிகள் கிடைக்கின்றன என்று பூஷே து பெர்த் என்பவர் நீண்ட நாளாகச் சொல்லிக் கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. 1859-ல் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் இருவரும் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று அறிவித்தார்கள். உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் புத்தகம் வந்ததும் அதே 1859-ல்தான். குரங்கினத்தோடு மனிதனை எலும்பு எலும்பாக ஒப்பிட்ட தாமஸ் ஹக்ஸ்லியின் புத்தகம் வந்தது 1863-ல். மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுதான் என்ற எண்ணம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது. சோம் ஆற்றங்கரைச் செய்தியை ஃபூட் படித்திருந்தார். அந்த மாதிரிக் கல் இங்கேயும் கிடைக்கலாம் என்ற எண்ணம் அவர் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது அவருக்கு வயது 28.

ஒரே ஒரு கல்லை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். எனவே தேடலைத் தொடர்ந்தார். நான்கே மாதத்தில், 1863 செப்டம்பர் 28-ல், சக அதிகாரி வில்லியம் கிங்கோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே ஒன்றிரண்டு இல்லை, குவியல் குவியலாகக் கருவிகள். அதுவும் மேலே கிடந்தவை மட்டுமல்ல, மண் அடுக்குக்குள்ளேயே பதிந்து இருந்தவை. ஒரு கருவி மண் அடுக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் வயதுச் சான்றிதழ். புவியியல் படித்தவருக்கு இது அடிப்படைப் பாடம்.

சரி, சிக்கல் எங்கே?

கருவி கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி தானாக வரும்: செய்த ஆள் எப்படி இருந்தார்? நம்மைப் போல நிமிர்ந்து நடந்தாரா? மூளை எவ்வளவு பெரியது? உயரம் என்ன? கல்லை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் இதற்குப் பதில் வராது.

எலும்பு என்றால் கதையே வேறு. ஒவ்வொரு எலும்பும் ஒவ்வொரு விதத்தில் பேசும். சில உதாரணங்கள்:

மண்டை ஓட்டின் அடியில் முதுகுத்தண்டு நுழைகிற ஓட்டை இருக்கிறது இல்லையா, அது நடுவில் இருந்தால் தலை உடம்புக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது, இரண்டு காலில் நடந்தவர். பின்பக்கமாக இருந்தால் நான்கு காலில் நடந்த விலங்காக இருக்கும்.

தொடை எலும்பு இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றே உள்பக்கம் சாய்ந்து வந்தால், நடக்கும்போது பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும். நமக்கு அப்படித்தான். சிம்பன்சிக்கு அப்படி இல்லை. அதனால்தான் அது இரண்டு காலில் நடக்கும்போது பக்கவாட்டில் ஆடி ஆடிப் போகிறது. எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த, 32 லட்சம் ஆண்டு பழமையான லூசி எலும்புக்கூட்டின் இடுப்பும் முழங்காலும் சொன்ன முக்கியமான செய்தி இதுதான். மூளை பெரிதாவதற்கு ரொம்ப முன்பே நம் முன்னோர்கள் நிமிர்ந்து நடந்துவிட்டார்கள்.

பல் இன்னும் நுணுக்கமானது. முளைத்த வரிசையை வைத்து இறந்தபோது என்ன வயது என்று சொல்லலாம். தேய்மானத்தை வைத்து என்ன சாப்பிட்டார் என்று ஊகிக்கலாம்.

இப்படி ஒரே ஒரு எலும்பு கிடைத்திருந்தாலும் ஃபூட் எங்கேயோ போயிருப்பார். ஆனால் தமிழ்நாட்டு மண் அதைக் கொடுக்கிற மண் இல்லை.

நம் மண்ணில் ஏன் எலும்பு நிற்பதில்லை?

எலும்பின் உறுதிக்குக் காரணம் அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட் என்ற தாது. மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். செம்புறாங்கல் உருவாவதே எப்படி? வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, கரையக்கூடிய சத்தையெல்லாம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இறுகிப்போன மண் அது. அதனால்தான் அந்தச் சிவப்பு. கால்சியத்தையே விட்டுவைக்காத மண்ணில் எலும்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் நிற்குமா? கருவிகள் குவார்ட்சைட் என்ற கடினமான கல்லில் செய்யப்பட்டவை. அதனால் தப்பித்தன.

மதுரைப் பக்கமும் இதே நிலைதான். ஃபூட் இங்கேயும் வந்திருக்கிறார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி அவர் எழுதிய நீண்ட அறிக்கை 1883-ல் வெளியானது. யானைமலையும் திருப்பரங்குன்றமும் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறைகள். மனிதன் என்ன, விலங்கே தோன்றாத காலத்தவை. அதில் எலும்பு இருக்க வழியே இல்லை. அதற்கு மேலே படிந்திருக்கும் செம்மண்ணோ எலும்பைக் காப்பாற்றாத மண்.

அப்போ கொந்தகையில் எலும்பு கிடைத்ததே, அது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொந்தகையில் இருப்பது கீழடி மக்களோடு சேர்த்துப் பேசப்படும் இடுகாடு. எலும்புகள் தாழிக்குள் வைத்துப் புதைக்கப்பட்டவை. வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். அவர்கள் உடலமைப்பில் உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள். 2,500 ஆண்டு என்பது 15 லட்சம் ஆண்டில் 600-ல் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த இடைவெளி மறைந்துபோகிறது.

காண்டாமிருகம் கொடுத்த நம்பிக்கை

ஃபூட்டுக்கு எலும்பு கிடைக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இன்றைய கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டத்தில், கோகாக் ஊருக்குப் பக்கத்தில், ஒரு காண்டாமிருகத்தின் புதைபடிவ எலும்புகளைக் கண்டெடுத்தார். பற்களையும் தாடையையும் மற்ற காண்டாமிருகங்களோடு ஒப்பிட்டு, இது அழிந்துபோன தனி இனம் என்று 1874-ல் எழுதினார். தக்காணத்தின் பெயரையே அந்த இனத்துக்கு வைத்தார்.

இதிலிருந்து தெரிவது என்ன? தென்னிந்தியா முழுக்க எலும்புக்கு எதிரி இல்லை. மண் மாறினால், படுகை மாறினால், கிடைக்கும். காண்டாமிருகம் கிடைத்தால் மனிதனும் ஏன் கிடைக்கக் கூடாது?

குகைக்குள் போன அப்பாவும் மகனும்

எலும்பு பாதுகாப்பாக இருக்க நல்ல இடம் சுண்ணாம்புக்கல் குகை. அமிலத்தைச் சுண்ணாம்பு அடக்கிவிடும். மேலே கூரை இருப்பதால் மழையும் நேராக அடிக்காது. ஐரோப்பாவில் ஆதிமனிதன் பற்றிய பல சான்றுகள் குகைகளிலிருந்துதான் வந்தன.

தென்னிந்தியாவில் அப்படிப்பட்ட குகைகள் கர்னூல் பக்கம் உண்டு. பேத்தம்செர்லாவுக்கு அருகே பில்லா சுர்கம் என்ற குகைக் கூட்டம் இருக்கிறது. அங்கே எலும்புகள் இருப்பதை 1840-களிலேயே கேப்டன் நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி எழுதியிருந்தார். பிறகு கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1880-களில் சென்னை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்புக்கு, அந்தக் குகைகளை ஆராயச் சொல்லி லண்டனிலிருந்து யோசனை வந்தது. சொன்னவர் அதே தாமஸ் ஹக்ஸ்லி. வேலை ஃபூட்டிடம் வந்தது.

முதலில் ஃபூட் போய்ப் பார்த்தார். பிறகு அவர் மகன் ஹென்றி தோண்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஹென்றி ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி. அப்பா வழிகாட்ட, மகன் குகைத் தரையை அடுக்கடுக்காக அகழ்ந்தார். எலும்புகள் ஏராளமாக வந்தன. அவற்றை ரிச்சர்ட் லிடெக்கர் என்ற புதைபடிவ நிபுணர் ஆராய்ந்து பட்டியலிட்டார். காண்டாமிருகம், பபூன் வகைக் குரங்கு என்று இன்று அந்தப் பக்கம் இல்லாத விலங்குகளும் அதில் இருந்தன. எலும்பில் செதுக்கிய கருவிகள் என்று அவர்கள் கருதிய பொருட்களும் கிடைத்தன.

ஆனால் கைக்கோடரி செய்த ஆதிமனிதன்? அவன் எலும்பு அந்தக் குகையிலிருந்து வரவில்லை.

அந்த உழைப்பு வீணாகவில்லை. அதே குகைகளை நம் காலத்து ஆய்வாளர்கள் மீண்டும் தோண்டினார்கள். சுமார் 2 லட்சம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே தப்பிப் பிழைத்திருக்கின்றன என்ற முடிவு 2014-ல் வெளியானது. மற்ற கண்டங்களில் பெரிய விலங்குகள் கூட்டம் கூட்டமாக அழிந்த காலத்தில் இங்கே அப்படி நடக்கவில்லை. முக்கியமான செய்தி. ஆனாலும் ஃபூட் கேட்ட கேள்வி இது இல்லை.

ஒருவர் ஓய்வு பெற்ற ஆண்டில் இன்னொருவருக்கு அடித்த அதிர்ஷ்டம்

1891-ல் ஃபூட் புவியியல் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே 1891-ல் ஜாவா தீவில் யூஜின் துபுவா என்ற டச்சு மருத்துவர், சோலோ ஆற்றங்கரையில் டிரினில் என்ற இடத்தில் ஒரு மண்டை ஓட்டின் மேல்பகுதியைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு தொடை எலும்பு. துபுவா ஆதிமனிதனின் எலும்பைத் தேடுவதற்காகவே ராணுவ மருத்துவராகச் சேர்ந்து அந்தத் தீவுகளுக்குக் கப்பல் ஏறியவர்.

அந்த மண்டை ஓடு தாழ்வானது. கண்ணுக்கு மேலே தடித்த எலும்பு மேடு. மூளையின் அளவு சுமார் 900 கன சென்டிமீட்டர். சிம்பன்சியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், நம்முடையதில் மூன்றில் இரண்டு பங்கு. குரங்கும் இல்லை, நம்மைப் போன்ற மனிதனும் இல்லை. இன்று இந்த இனத்தை ஹோமோ எரெக்டஸ் என்கிறோம். அந்தத் தொடை எலும்பு பிற்கால மனிதனுடையதாக இருக்கலாம் என்று பின்னால் சந்தேகம் வந்தது. மண்டை ஓடு மட்டும் அசைக்க முடியாத சான்றாக நின்றது.

ஃபூட் ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்துக்காக வேலை செய்தார். மைசூர் சமஸ்தானத்திலும் புவியியல் பொறுப்பில் இருந்தார். போகிற இடமெல்லாம் கருவிகளைப் பொறுக்கினார். அவர் பதிவு செய்த தொல்பழங்கால இடங்கள் 400-க்கும் மேல். பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் எல்லாம் அதில் அடக்கம். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவில் இங்கே ஒரு பெரிய இடைவெளி இருந்தது என்று அவர் நம்பினார். இது சரியில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இடையில் நுண்கற்கருவிக் காலம் ஒன்று இருந்தது.

கடைசிக் காலத்தில் ஏற்காடு அவர் வீடானது. தன் சேகரிப்பை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவில்லை. 1904-ல் சென்னை அரசு அதை வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று குறித்துவைத்த பட்டியலை அவரே தயாரித்தார். அது அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். பட்டியல் 1914-லும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916-லும் வெளியாயின. ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

பல்லாவரம் கல்லை எடுத்து 50 ஆண்டு முடிய சில மாதங்களே பாக்கி இருந்தன. அதைப் பிடித்த கை யாருடையது என்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நமக்குத் தெரிந்தது என்ன?

முதலில் வயது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழு 1999-லிருந்து அகழாய்வு செய்தது. கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதில் இரண்டு வகையான கதிரியக்க அணுக்கள் உருவாகும். கல் ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்று, இரண்டும் வேறு வேறு வேகத்தில் குறையும். மீதி இருக்கும் விகிதத்தைப் பார்த்தால் புதைந்து எவ்வளவு காலம் ஆனது என்று சொல்லிவிடலாம். இப்படித்தான் 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கு 2011-ல் வந்தது. மண்ணில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையும் அதற்கு ஒத்துவந்தது. அங்கே சில விலங்குப் பற்கள் கூட கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை.

அடுத்து, அதே காலத்து எலும்பு. அதற்கு ஆப்பிரிக்கா போக வேண்டும். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் 1984-ல் கமோயா கிமேயு என்ற கென்யர் ஒரு சிறு எலும்புத் துண்டைக் கண்டார். தோண்டத் தோண்ட ஒரு சிறுவனின் எலும்புக்கூடே வந்தது. வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. ஏறக்குறைய நம் அத்திரம்பாக்கம் கோடரியின் வயது. ஹோமோ எரெக்டஸ் வகையைச் சேர்ந்த சிறுவன். நீண்ட கால்கள், ஒடுங்கிய இடுப்பு. உயரம் ஐந்து அடிக்கு மேல். கழுத்துக்குக் கீழே பார்த்தால் பெரும்பாலும் நம்மைப் போலத்தான். கழுத்துக்கு மேலே அப்படி இல்லை. மூளை சுமார் 880 கன சென்டிமீட்டர். நமக்குச் சராசரியாக 1,350. அதே துர்கானா ஏரியின் மேற்குப் பக்கத்தில்தான் 17.6 லட்சம் ஆண்டு பழமையான கைக்கோடரிகளும் கிடைத்திருக்கின்றன.

கை? அதுவும் கிடைத்தது. துர்கானா பகுதியிலேயே கிடைத்த ஒரு உள்ளங்கை எலும்பு பற்றி 2013-ல் ஆய்வு வெளியானது. நடுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டோடு சேரும் எலும்பு அது. வயது 14 லட்சம் ஆண்டுக்கு மேல். அதன் அடியில் ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போல மணிக்கட்டு எலும்பில் அது போய் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் கல்லை இறுக்கிப் பிடித்து ஓங்கித் தட்டும்போது கை பிசகாமல் இருப்பது இதனால்தான். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் இந்த முனை இல்லை. நமக்கு இருக்கிறது. அந்தக் கோடரிக் காலத்து மனிதனுக்கும் இருந்திருக்கிறது.

பல்லாவரத்தில் ஃபூட் எடுத்த கல் கேட்ட கேள்விக்கு இதுவரை கிடைத்ததில் நெருக்கமான பதில் இந்தச் சின்ன எலும்பு முனைதான்.

இந்தியாவில் எதுவுமே கிடைக்கலையா?

ஒன்று கிடைத்தது. 1982 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில் ஹத்னோரா என்ற ஊரில், அருண் சோனாகியா ஒரு மண்டை ஓட்டின் மேல்பகுதியைக் கண்டெடுத்தார். சோனாகியா எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? ஃபூட் வேலை பார்த்த அதே இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தில். ஃபூட் தேடத் தொடங்கி 119 ஆண்டுகள் கழித்து, அதே துறையின் இன்னொரு அதிகாரி கையில் அது சிக்கியது. சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிப்போன ஆற்றுச் சரளை அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்த மண்டை ஓட்டிலும் கண்ணுக்கு மேலே தடித்த மேடு உண்டு. ஆனால் மூளை பெரிது. 1,150-லிருந்து 1,420 கன சென்டிமீட்டர் வரை பல மதிப்பீடுகள். ஹோமோ எரெக்டஸா, அதற்குப் பிந்தைய இனமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வயதிலும் ஒருமித்த கருத்து இல்லை. லட்சக்கணக்கில் என்பது வரை சரி. ஆனால் அத்திரம்பாக்கம் அளவுக்குப் பழமை இல்லை. அதனால் அந்த மண்டை ஓட்டை எடுத்து நம் கோடரியின் பக்கத்தில் வைத்துவிட முடியாது.

எலும்பு கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 1932-ல் இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கரில் கிடைத்த ஒரு தாடைத் துண்டுக்கு ராமாபிதெகஸ் என்று பெயர் வைத்தார்கள். மனிதனின் முதல் முன்னோர் என்று பல ஆண்டுகள் பாடப் புத்தகங்களிலேயே இருந்தது. பிறகு இதே வகையின் முழுமையான முக எலும்பு பாகிஸ்தானில் கிடைத்தது. பார்த்தால் ஒராங்உட்டான் ஜாடை. தாடையின் இரண்டு பாதியையும் தவறாகப் பொருத்தி மனித வளைவைக் கொடுத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. ராமாபிதெகஸ் நம் வம்சத்திலிருந்து நீக்கப்பட்டது.

அப்படின்னா ஃபார்வர்டுக்கு என்ன பதில்?

அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கருவி செய்தவர்கள் இருந்தார்கள். இது உறுதி. அவர்கள் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் இல்லை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளே சுமார் 3 லட்சம் ஆண்டு பழமையானவைதான், அதுவும் மொராக்கோவில். அந்தக் காலத்து மற்ற எலும்புகளை வைத்துப் பார்த்தால், அவர்கள் ஹோமோ எரெக்டஸ் போன்றவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல இந்த மண்ணிலிருந்து ஒரு எலும்பு வேண்டும். அது இன்னும் கையில் இல்லை. தமிழ், தெலுங்கு என்று எந்த மொழிப் பெயரையும் அவர்கள் மேல் ஒட்ட முடியாது.

இதனால் தமிழ்நாட்டுக்குப் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. உலகிலேயே ஆப்பிரிக்காவுக்கு வெளியே கைக்கோடரி இவ்வளவு பழமையாகக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. அந்தச் சில இடங்களில் ஒன்று நம்முடையது. அந்தப் பெருமைக்குக் கூடுதல் பாலிஷ் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஃபூட்டுக்கு முதல் கல்லைக் கொடுத்தது சரளைக் குழி. அதே சரளைக் குழிதான் இப்போது சான்றுகளை அழித்துக்கொண்டும் இருக்கிறது. மதுரையைச் சுற்றி வீட்டு மனைக்கும் ரோட்டுக்கும் கிராவல் அள்ளும் லாரிகள் ஓடாத நாள் இல்லை. லாரியில் ஏறிய கல், மனைக்கு அடியில் போய்விட்டால் அது வெறும் கல். மண் அடுக்கில் இருந்தபோது மட்டும்தான் அது சான்று.

எனவே, குழியிலோ கண்மாய்க் கரையிலோ இரண்டு பக்கமும் தட்டிக் கூராக்கிய கல்லைப் பார்த்தால், அல்லது கல்லாகிப்போன எலும்பைப் பார்த்தால், எடுத்துக்கொண்டு வந்து வீட்டு ஷோகேஸில் வைக்க வேண்டாம். அப்படியே விட்டு, போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். 1863-ல் ஒரு 28 வயதுக்காரர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். குனிந்து பார்த்தார், எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்தார்.